வாய் நிறையத் தண்ணீர்

ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு மற்ற டீச்சர்கள் நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘சந்தைக்கடை’. அவள் வகுப்புக்கும் என் இரண்டாம் வகுப்புக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். வருஷம் முழுக்க அந்தச் சத்தத்தில் எனக்குத் தலைவலி என்றால், கடைசி வாரம் கேட்கவே வேண்டாம். நாங்களெல்லாம் சுவரில் ஒட்டியதைக் கிழித்துப் போட்டு, அலமாரியைப் பூட்டிவிட்டு, எப்போது மணியடிக்கும் என்று உட்கார்ந்திருப்போம். அவளோ மேசைகளை ஓரம் தள்ளி, பிள்ளைகளின் உயரத்தை மறுபடி அளப்பாள். ஆளுக்கொரு பக்கம் எழுதச் சொல்லி, எல்லாவற்றையும் சேர்த்து வகுப்புப் புத்தகம் தைப்பாள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் சீட்டு எடுத்து உரக்க வாசிக்க வேண்டும்.

இந்த வருஷம் அங்கே இரட்டைப் பிள்ளைகள், அண்ணனும் தங்கையும். சற்று முன்னால் பிறந்துவிட்ட தெனாவட்டில் அண்ணன் இரண்டு பேருக்கும் சேர்த்தே பேசுவான். தங்கையிடம் பெயரைக் கேட்டால்கூட அவன்தான் சொல்வான். அவள் வாசித்து யாரும் கேட்டதில்லை. அவளை இன்னொரு வருஷம் ஒன்றாம் வகுப்பிலேயே வைப்பது என்று தலைமையாசிரியர் முடிவு செய்துவிட்டார்.

தையல் வேலையைப் பாதியில் விட்டு அவர்களின் அம்மா ஓடிவந்தார். “ரெண்டையும் பிரிச்சிடாதீங்க சார்.”

“அவளுக்குப் படிக்கத் தெரியும் சார்,” என்றாள் சந்தைக்கடை. “நாளைக்கு வந்து நீங்களே கேளுங்க.”

அண்ணன் காய்ச்சலில் வராத அன்று, அந்தப் பெண் சுவரில் இருந்ததையெல்லாம் முணுமுணுத்து வாசித்ததை அவள் பார்த்திருக்கிறாள். அதை நம்பித்தான் இந்த வாக்கு.

மறுநாள் தலைமையாசிரியர் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்தார். வாசலில் அம்மா. வேடிக்கை பார்க்க நானும் போனேன். டீச்சர் அண்ணனிடம் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள்.

“வாய் நிறைய வச்சுக்கோ. முழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது. உன்னாலதான் முடியும்.”

அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. கன்னம் உப்ப நிமிர்ந்து நின்றான்.

தங்கை சீட்டு எடுத்தாள். பக்கத்தைப் பிரித்தாள். அண்ணனைப் பார்த்தாள். அவன் முழி பிதுங்க நின்றானே தவிர, உதட்டைத் திறக்க வழியில்லை. சந்தைக்கடையில் அன்றுதான் ஊசி விழுந்தால் கேட்டிருக்கும்.

“எங்கள் டீச்சர்... சாக்பீஸைத் தேடுவார்.” அடுத்த வரியில் ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னாள். தானே நின்றாள், தலையை ஆட்டினாள், வரியின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போய் விரலை வைத்து மறுபடி படித்தாள். “அது அவர் கொண்டையில் இருக்கும். நாங்கள் சொல்ல மாட்டோம்.”

மனப்பாடம் செய்த பிள்ளை அப்படித் திரும்பிப் போகாது. படிக்கிற பிள்ளைதான் போகும். அதை வெளியே கொண்டுவந்த என் பக்கத்து அறைக்காரியை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அண்ணன் வாயிலிருந்த தண்ணீர் முழுக்கத் தலைமையாசிரியர் சட்டையில்.

அவர் துடைத்துக்கொண்டே எழுந்தார். “போதும்மா. நீயும் ரெண்டாம் வகுப்புக்குப் போ.”

வாய் காலியானதும் அண்ணன் எட்டிப் பார்த்து அடுத்த வரியை ஆரம்பித்தான்.

“டேய், சும்மா இரு. நான்தானே படிக்கிறேன்?” என்றாள் தங்கை. பிறகு தலைமையாசிரியர் பக்கம் திரும்பினாள். “நீங்களும் உக்காருங்க சார். இன்னும் முடியல.”

அவர் உட்கார்ந்தார்.