நைனா கேட்ட வார்த்தைகள்

நான் நர்ஸ். வளைகுடா வேலைக்காகத் திருத்தணியில் அரபு படித்துக்கொண்டிருந்தேன். பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டிவிட்டு வரும் நைனாதான் என் பாடத்தைக் கேட்பார். அரபியில் ஒரு சொல்லின் வேர் எழுத்துகளை ஒரு வார்ப்பில் போட்டால் தொழிலின் பெயர் வரும், இன்னொன்றில் போட்டால் நோயின் பெயர் வரும் என்று ஒரு சாயங்காலம் அவருக்கு விளக்கினேன்.

"நெசவுக்கு?"

"ஹியாகா."

"இருமலுக்கு?"

"சுஆல்."

"தல சுத்தினா?"

"துவார்."

கடைசி இரண்டும் ஒரே ஓசையில் விழுந்ததில் அவருக்குச் சிரிப்பு.

"இருமசொல்ல ரத்தம் வந்தா இன்னாம்மா சொல்வாங்க?"

யோசித்துப் பார்த்தேன். "அதுக்கு இந்த வார்ப்புல வார்த்தை இல்ல நைனா."

"அப்போ அது வியாதியே இல்ல, வுடு" என்று துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். என்னை மடக்கப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன்.

நான் வளைகுடாவுக்கு வந்த சில மாதங்களில் தம்பி போன் செய்தான்.

"நைனா நம்மள வுட்டு பூட்டாரு அக்கா. ரொம்ப நாளா ரத்தமா துப்பிகினு இருந்தாராம். சொன்னா நீ போவமாட்டேன்னு உன்கிட்ட மறைச்சிட்டாரு."

அவர் எங்கே மறைத்தார்? ஒவ்வொரு நோயாக என்னிடம் சொன்னார். நான் ஒவ்வொன்றுக்கும் அரபியில் பெயர் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது வார்டில் யாராவது சுஆல் என்றால், முதலில் அவர்கள் கையிலிருக்கும் துணியை வாங்கி விரித்துப் பார்க்கிறேன்.