தொண்ணூறு கண்ணி

வலது கை ஊசியின் கொக்கியை நிமிர்ந்து நிற்கும் இழைக்குள் நுழைக்கிறது. இடது சுட்டுவிரலில் சுற்றிய வெள்ளைக் கம்பளி நூலைக் கொழுவி இழுக்கிறது. இழுத்த கண்ணியை ஊசியிலேயே விட்டுவிட்டு அடுத்த இழைக்குப் போகிறது. எண்பத்தேழு, எண்பத்தெட்டு. சாதாரணக் குரோசே கொக்கிப் பின்னலில் ஒவ்வொரு கண்ணியையும் அந்தந்த இடத்திலேயே முடித்துவிடலாம். துனிசியன் குரோசேயில் போகும்போது வரிசை முழுவதையும் ஊசியில் ஏற்ற வேண்டும்; திரும்பும்போது இரண்டிரண்டாக இறக்கி, ஒன்றை மட்டும் மிச்சம் வைக்க வேண்டும். எண்பத்தொன்பதோடு இழைகள் முடிந்துவிட்டன. தொண்ணூறாவது இல்லை. கைகள் நின்றன. பிறகு வரிசை முழுவதையும் உருவின.

திரேசம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. உள்துறைமுகக் கரையில் றொபேட் சம்மாட்டியின் வள்ளங்களுக்கு முப்பது வருடமாகக் கிழிந்த வலை பொத்துகிறவள். தாய் செத்த பிறகு தங்கச்சி நிலுஷாவைப் படிப்பித்ததும், கந்தோரில் வேலை செய்யும் டிலுக்ஷனுக்குக் கட்டிக் கொடுத்ததும் அந்த வலைகள்தான். எட்டு வருடம் கழித்து நிலுஷாவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. அன்புவழிபுரத்தில் தங்கச்சி வீட்டுக்கு மூன்று மாதமாகப் போய்வந்தும் திரேசம்மா பிள்ளையை ஒரு தடவைகூடத் தூக்கவில்லை.

"கையைப் பார் அக்கா, அரம் மாதிரிக் கிடக்கு. பிள்ளையின்ர தோலைக் கீறிப்போடும்."

அவர்களுடைய பங்குக் கோயிலில், ஞானஸ்நானத்தன்று பிள்ளையைச் சுற்றும் வெள்ளைச் சால்வையை ஞானத்தாய்தான் கொண்டுவர வேண்டும். அதைச் சுற்றிப் பிள்ளையை ஏந்துகிறவளும் அவள்தான். ஆகவே நிலுஷா தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இப்பிடி ஒண்டு பின்னித் தாறியே?" என்று கேட்டபோது திரேசம்மா படத்தை விட்டு நிமிர்ந்தாள்.

"அப்ப நான்தான் ஞானத்தாயோ?"

"முதல்ல பின்னிக் காட்டு, பாப்பம்."

அதைத் திரேசம்மா ஓம் என்றே எடுத்துக்கொண்டாள்.

அந்த நீள ஊசி கடையில் இல்லை. வலை ஊசியைத் தானே சீவுகிறவள் என்பதால் மூங்கிலில் முழ நீளத்துக்குச் சீவி, நுனியில் கொக்கி வெட்டி, கண்ணாடித் துண்டால் வழித்து எடுத்தாள். மறுநுனியில் கண்ணிகள் நழுவாமலிருக்க ஒரு மிதவைத் தக்கையைச் செருகினாள். பின்னல் பழகத் தொலைபேசியில் பார்த்த காணொளியில் வந்த பெண் ஏதோ ஒரு மொழியில் பேசினாள். திரேசம்மா சத்தத்தை நிறுத்திவிட்டுக் கைகளை மட்டும் பார்த்தாள்.

வலையில் ஒரு வரி முடிந்ததும் திருப்பிப் பிடிப்பது வழக்கம். அப்படியே இதையும் திருப்பினாள், பின்னல் குழம்பியது. இது என்றும் முகத்தைத் திருப்பாத பின்னல் என்று விளங்க இரண்டு நாள் சென்றது. இடது ஓரத்துக் கடைசி இழை உள்ளே மடிந்து ஒளிந்திருக்கும். அதன் இரண்டு புரிகளையும் சேர்த்துக் கோர்க்காவிட்டால் வரிசைக்கு ஒன்று குறையும். அதுவும் பிடிபட்டது. பிடிபடாதது இறுக்கம். முப்பது வருடம் ஒவ்வொரு முடிச்சையும் கடித்து இழுத்த கை, கண்ணியையும் அப்படியே இழுத்தது. முதல் துண்டு பலகைபோல விறைத்துச் சுருண்டது.

நிலுஷா அதை மேசையில் தட்டிப் பார்த்தாள். "இதால மீன் பிடிக்கலாம் அக்கா. பிள்ளையைச் சுத்தேலாது."

டிலுக்ஷன் சிரித்தான். "விடும், கருவாடு கட்ட உதவும்."

இன்னும் தடித்த ஊசி சீவினாள். நூல் விரலில் ஓட வேண்டும், நிற்கக் கூடாது என்று கைக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கினாள். ஐந்தாவது துண்டு தட்டையாகக் கிடந்தது. சால்வையைத் தொடங்கினாள். காலையில் வலை, பின்னேரம் சால்வை.

கை பழகியது. பழகிய கையோடுதான் அடுத்த நாள் காலையில் வலைக்கும் போனாள்.

சில நாளில் றொபேட் சம்மாட்டி வலையைச் சுருட்டிக்கொண்டு வந்து அவள் மடியில் போட்டார். பொத்திய இடமெல்லாம் முடிச்சு வழுகி, ஆள் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது.

"இது வலையோ, தொட்டில் துணியோ?"

"இறுக்கித் தாறன், சம்மாட்டியார்."

"வேண்டாம். வேற ஆளிட்டக் குடுத்திட்டன். நீர் பின்னும், இருந்து பின்னும்."

அதையும் தாங்கிக்கொண்டாள். பிள்ளையை ஏந்தப்போகிறவள் அல்லவா. இருபது வரிசை மிச்சமிருக்கையில் கோயிலுக்குப் போய், ஞானப்பெற்றோருக்கான வகுப்பு என்றைக்கு என்று உபதேசியாரிடம் கேட்டாள். அவர் கொப்பியைப் புரட்டினார்.

"உங்கட பேர் இல்லையே, திரேசம்மா. டிலுக்ஷன்ர கொழும்புத் தமக்கையின்ர பேர் கிடக்கு. தந்து ரெண்டு மாதமாச்சுது."

நிலுஷா படத்தைக் காட்டிச் சால்வை கேட்டு ஆறு கிழமைதான் ஆகியிருந்தது.

வீட்டுக்கு வந்து சால்வையை மடியில் வைத்தாள். ஊசியை உருவிவிட்டு நூலைப் பிடித்து இழுத்தால், அவ்வளவும் ஒரே இழுவையில் திரும்ப நூலாகிவிடும். நூலைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் பிடித்தபடியே இருந்தாள். பிறகு ஊசியை எடுத்து இருபது வரிசையையும் பின்னினாள். கடைசிக் கண்ணியைப் பூட்டும்போது மட்டும் வலை முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து, பழைய கையால் இழுத்தாள். கையின் மீன் வாடை ஒட்டியிருக்கக் கூடாதென்று சவர்க்காரம் போட்டு மூன்று தண்ணீரில் அலசி, பாயில் விரித்து, நான்கு ஓரமும் நேராகக் குண்டூசி குத்திக் காயவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நிலுஷா சால்வையை விரித்து ஓரங்களைப் பார்த்தாள். ஓரிடமும் கோணவில்லை.

"கடைச் சாமான் மாதிரி வந்திருக்கு. இதென்ன மூலையில கல்லு மாதிரி?"

"முடிச்சு."

"அவிழ்த்துச் சின்னனாப் போடேலாதே?"

"அது அவிழாது."

நிலுஷா அவளைப் பாராமலே சால்வையை அவள் கையில் திருப்பி வைத்தாள். "மச்சாளிட்டக் குடு. அவதான் பிள்ளையைப் பிடிக்கிறா."

"தெரியும். உபதேசியார் சொன்னவர்."

"பிறகேன் பின்னி முடிச்சனி?"

"தொண்ணூறு கண்ணி ஏத்தினா இறக்கத்தானே வேணும், நிலுஷா."

"சரி. குடுத்திட்டுப் பின்னுக்கு நில், படம் எடுக்கிறாங்கள்."

படியில் பிள்ளையோடு நின்ற கொழும்பு மச்சாளிடம் திரேசம்மா இரண்டு கையாலும் சால்வையை நீட்டினாள். மச்சாள் அதை வாங்கி, பிள்ளையைச் சுற்றுமுன் மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தாள்.