அட்டையின் பின்பக்கம்

மருத்துவ இதழ் வந்ததும் டாக்டர் தீனக்கே ஹூக்ஸ்ட்ரா கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பார். திருத்தங்கள் அங்கேதான் பொடி எழுத்தில் இருக்கும். “புதுசா என்ன கண்டுபிடிச்சாங்கன்னு மெதுவாத் தெரிஞ்சுக்கலாம். எதை வாபஸ் வாங்கினாங்க, அதை முதல்ல பாரு” என்பார். அறுபத்து மூன்று வயதுப் பெண்மணி. நெதர்லாந்தின் பிரீஸ்லாந்து மாகாணத்தில் எங்கள் ஊருக்கு முப்பத்தொரு வருடமாகக் குடும்ப மருத்துவர். நான், சீட்சே, அதே தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அவர் எழுதும் சீட்டெல்லாம் என் கைக்கு வருவதால் அவரைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

நோயாளி வீடுகளுக்கு சைக்கிளில்தான் போவார். காதில் ஏதாவது மருத்துவ உரை ஓடிக்கொண்டிருக்கும். ஒப்புக்கொள்ள முடியாத இடம் வந்தால் கடற்கரை மேட்டில் இறங்கி நின்று, “அதெப்படி? ஆதாரம் எங்கே?” என்று சத்தமாக வாதாடுவார். அங்கே மேயும் ஆடுகள் இப்போதெல்லாம் தலை தூக்கிக்கூடப் பார்ப்பதில்லை.

சைக்கிள் கூடையில் ஒரு பழைய சுருட்டுப் பெட்டி. உள்ளே அட்டைகள். ஒவ்வொன்றிலும் அவர் நோயாளிகளுக்குச் சொல்லும் ஆலோசனை ஒன்று இருக்கும். பின்பக்கத்தில், அதை யார் யாரிடம் சொன்னார் என்று பெயர்கள். ஆலோசனை மாறினால் அந்தப் பெயர்களைத் தேடிப் போவார். “இதெல்லாம் கம்ப்யூட்டர்ல இல்லாததா?” என்று ஒருநாள் சீண்டினேன். “கம்ப்யூட்டருக்கு வெட்கம் கிடையாது, சீட்சே” என்றார்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சுற்று வட்டார மருத்துவர்கள் ஆறு பேரும் என் கடைப் பின்னறையில் கூடுவார்கள். யார் எந்த மருந்தை எவ்வளவு எழுதினார்கள் என்று பெயர் போட்டு, வரைபடமாகச் சுவரில் காட்டுவது என் வேலை. போன மார்ச்சில் ஆஸ்பிரின். இதயநோய் இல்லாதவர்களுக்கும் முன்காப்பாகத் தினம் ஒன்று என்று ஒரு காலத்தில் எல்லாரும் கொடுத்ததுதான். வயதானவர்களுக்கு அதில் நன்மையைவிட ரத்தக்கசிவு ஆபத்தே அதிகம் என்று தெரிந்து மற்றவர்கள் நிறுத்திவிட்டார்கள். தீனக்கேயின் கோடு மட்டும் தனியாக உயர்ந்து நின்றது. அவர் புதிதாக யாருக்கும் எழுதவில்லை. பழைய சீட்டுகள் தாமாகவே புதுப்பித்துக்கொண்டு போயிருக்கின்றன. அட்டை எழுதும் பழக்கம் வருவதற்கு முன் சொன்ன ஆலோசனை அது.

அவர் முகம் சிவந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. மாதாமாதம் அந்த மாத்திரைகளை எடுத்துக் கொடுத்தவன் நான்தானே.

“பேரைக் கொடு” என்றார். பத்தொன்பது பேர்.

“ஒரு கடிதம் போட்டா போதுமே” என்றார் இன்னொரு மருத்துவர்.

“வாயால சொன்னதை வாயாலதான் திரும்ப வாங்கணும்” என்றார் தீனக்கே.

பட்டியலில் ஓபே இருந்தார். எழுபத்தெட்டு வயது, பால்பண்ணைக்காரர். அந்த வாரம்தான் அவருடைய பரிசோதனையில் ரத்தம் குறைந்திருந்தது. வயிற்றுக்குள் மெல்லக் கசிகிறதோ என்ற பயம் அவரை முதல் ஆளாக்கியது. அன்று மதியமே தீனக்கே கிளம்பினார். ஓபேயின் மாத்திரைப் பெட்டியைச் சரிசெய்ய நானும் போனேன்.

ஓபே காபி ஊற்றி பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். எங்கள் ஊர்ப்பக்கம் விருந்தாளிக்கு ஆளுக்கு ஒன்றுதான் வழக்கம், பிறகு மூடி விழுந்துவிடும். விஷயத்தைக் கேட்டதும், நாங்கள் எடுக்குமுன்பே மூடிவிட்டார்.

“எங்கப்பா அறுபதுல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு மாட்டுக் கொட்டகையில விழுந்தாரு. சாகுற வரைக்கும் இந்த மாத்திரையை விடாதேன்னு இதே மேசையில உக்காந்து சொன்னது யாரு, டாக்டரம்மா?”

“நான்தான். அன்னைக்கு அதுதான் சரின்னு நெனச்சோம். இல்லைன்னு தெரிஞ்சு சில வருஷம் ஆச்சு. அது உங்க வீடு வரைக்கும் வந்து சேராதது என் தப்பு, ஓபே.”

“அதைத் தின்னுதானே இவ்வளவு நாள் உசிரோட இருக்கேன்!”

“இனியும் இருக்கணும்னுதான் வந்திருக்கேன். இன்னைக்கே நிறுத்துங்க. வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில வயித்துக்குள்ள பார்க்கச் சொல்லியிருக்கேன்.”

ஓபே ஜன்னலுக்கு வெளியே மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனிதர் கோபத்தில் வீம்பு பிடித்தால் கதை முடிந்தது.

“நாளைக்கு வந்து, இப்ப சொல்றதும் தப்புன்னு சொல்வீங்களா?”

“தப்புன்னு தெரிஞ்சா சொல்வேன்.”

“இந்த எதிர்காத்துல சைக்கிள் மிதிச்சுக்கிட்டா?”

“பின்னே?”

ஓபே மாத்திரை அட்டையை மேசையில் என் பக்கமாகத் தள்ளினார். பிஸ்கட் டப்பா மூடியபடிதான் இருந்தது.

தீனக்கே சுருட்டுப் பெட்டியைத் திறந்து புது அட்டை ஒன்றை எடுத்தார். ‘முன்காப்பு ஆஸ்பிரின்: நிறுத்தவும்’ என்று எழுதி, தேதி போட்டார். பிறகு அட்டையைத் திருப்பி, ஓபேயின் கண்ணுக்குத் தெரியும்படி மேசை நடுவே வைத்து, முதல் வரியில் அவர் பெயரை எழுதினார்.