மிஷினுக்குக் கீழே நாலு வருஷம்

இருமல் மருந்துக் கம்பெனியில் லேபிள் அக்காவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. லேபிள் ஒட்டும் மிஷின் முரண்டு பிடித்தால் அவள்தான் வந்து ஒரு தட்டு தட்டி வழிக்குக் கொண்டுவர வேண்டும். நிரந்தர வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் தொழில் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். ஆனால் அவள் ஏஜென்சி அனுப்பும் தினக்கூலி ஆள், கேட்டுக்கோங்க! நிரந்தரத்துக்கு நீலச் சட்டை, சாப்பிட கேன்டீன் மேஜை. ஏஜென்சிக்கு மஞ்சள் சட்டை, மாடிப்படி. சாயங்காலம் போனில் "நாளை வரவும்" என்று மெசேஜ் வந்தால்தான் மறுநாள் வேலை. வராத நாளில் மகள் கேட்பாள்: "அம்மா, நாளைக்கு உனக்கு லீவா, வேலையே இல்லையா?" அக்கா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேச்சை மாற்றுவாள்.

அன்று காலை மிஷினைக் கழுவ நாலு பேர் சேர்ந்து தூக்கியபோது, ஒரு காலுக்கு அடியிலிருந்து எண்ணெய் குடித்த காகித மடிப்பு விழுந்தது. அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று, "படிக்கல்லாம் நேரமில்ல, கையெழுத்தப் போடும்மா" என்று ஏஜென்சிக்காரர் அவசரப்படுத்திக் கொடுத்த ஒப்பந்தத்தின் நகல்! மிஷின் ஆடுகிறதே என்று அன்றைக்கே நாலாக மடித்து முட்டுக்கொடுத்தவள், சுத்தமாக மறந்தே போயிருந்தாள்.

மத்தியானம் படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே அதைப் பிரித்துப் படித்தாள். இரண்டாம் பக்கத்தில் புரையேறியது. கேன்டீன் எல்லாருக்கும் பொதுவாம். நிரந்தர வேலை காலியானால் ஏஜென்சி ஆட்களும் விண்ணப்பிக்கலாமாம். கீழே கம்பெனியின் கையெழுத்தும் இருந்தது.

"அடப்பாவிகளா!"

விடுவிடுவென்று கேன்டீனுக்குள் போனாள். படியிலிருந்த மஞ்சள் சட்டைகளும் டப்பாவோடு பின்னாலேயே வந்துவிட்டன. உள்ளே பலகையில் ஓர் அறிவிப்பு: லேபிள் பிரிவு, நிரந்தர வேலை, ஓர் இடம். கடைசி நாள் இன்று. அவளுக்குப் பகீரென்றது.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "என்னம்மா இது, மஞ்சச் சட்டையெல்லாம் உள்ள வரலாமா?"

"வரலாம்னு உங்க கம்பெனிதான் கையெழுத்துப் போட்டிருக்கு, சார். எனக்கு ஒரு விண்ணப்பப் படிவம் குடுங்க."

காகிதத்தைப் புரட்டியவருக்கு முகம் தொங்கிப்போயிற்று. "இது இத்தனை நாளா எங்க இருந்துச்சு?"

"உங்க மிஷினுக்குக் கீழதான். நாலு வருஷமா."

அந்த நேரம் பார்த்து ஒரு நீலச் சட்டைக்காரர் மூச்சிரைக்க வந்தார். முட்டு இல்லாமல் மிஷின் ஆட்டம் போடுகிறதாம், லேபிளெல்லாம் கோணல்மாணலாம்.

"தாயே, முதல்ல அந்தக் காகிதத்த வச்சு அத நிறுத்து!" என்றார் சூப்பர்வைசர்.

"முதல்ல படிவம்."

படிவம் வந்தது. நின்றபடியே நிரப்பிக் கொடுத்துவிட்டு, மிஷினுக்கு ஓர் அட்டைத் துண்டை முட்டுக்கொடுத்தாள். ஒப்பந்தத்தை விடவில்லை.

இரண்டு வாரம் கழித்து வேலை உத்தரவு வந்தது. "சட்டுன்னு போடும்மா கையெழுத்த, மிஷின் காத்திருக்கு" என்றார் சூப்பர்வைசர். அக்கா கேன்டீன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் பேனாவைத் திறந்தாள்.

அன்று சாயங்காலம் மகள் போனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "அம்மா, மெசேஜ் வரலையே?"

"இனிமே வராதுடி கண்ணு" என்றவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "காலைல ஆறு மணிக்கு என்னை எழுப்பிவிடு."