போனுக்குள் இருந்த அண்ணா

எங்கள் வீட்டில் பாதுகாப்புக்கு ஒரு குறையும் இல்லை. வாசலில் இரும்பு கேட், அதற்குப் பின்னால் கிரில், அதற்கொரு பூட்டு. பம்மலில் தெருநாய் இருக்கிறது, தண்ணீர் லாரி இருக்கிறது, முகம் தெரியாத ஆட்கள் இருக்கிறார்கள் என்று, ஆறாவது படிக்கும் மகளைப் பக்கத்துத் தெருப் பூங்காவுக்குக்கூட நான் அனுப்பியதில்லை. அதற்குப் பதிலாகக் கையில் போனைக் கொடுத்து உள்ளே உட்காரவைத்தேன். முகம் தெரியாத ஆட்கள் எல்லாம் அந்தப் போனுக்குள் வசதியாக இருந்தார்கள்.

போனில் ஒரு ஆன்லைன் விளையாட்டு. அதில் சேரும்போது வயது கேட்டதாம். சிறுபிள்ளை என்றால் மற்றவர்களோடு பேச முடியாதாம். என் கணவர் தன் பிறந்த தேதியைப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஆகவே அங்கே என் மகளுக்கு நாற்பத்தெட்டு வயது. பொறுப்பான அப்பா.

அவள் காதில் ஹெட்செட்டை மாட்டி விளையாடிக்கொண்டே "சரிண்ணா", "வரேண்ணா" என்று பேசுவது சமையலறைக்குக் கேட்கும். எனக்கு நிம்மதி. ஆட்டோக்காரர், கூரியர்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், யாராக இருந்தாலும் அண்ணா என்று கூப்பிடப் பழக்கியதே நான்தான். அப்படி ஒருமுறை கூப்பிட்டுவிட்டால் அவன் கூடப் பிறந்தவனாகிவிடுவான் என்று, பத்தாவது வரை படித்த நான் நம்பினேன். டீச்சராக இருக்கும் என் அக்காவும் நம்பினாள்.

ஒரு சனிக்கிழமை ஹெட்செட் ரிப்பேர். அண்ணாவின் குரல் வெளியே கேட்டது. முப்பது வயதுக்குக் குறையாத குரல்.

"வேன் எந்த ஸ்டாப்ல வுடுவான்?"

"வாட்டர் டேங்க் கிட்டண்ணா."

"யூனிபார்ம்ல ஒரு போட்டோ அனுப்பு. அம்மாகிட்ட சொல்லாத, போன புடுங்கிடுவாங்க."

என்னை நன்றாகத்தான் தெரிந்து வைத்திருந்தான்.

பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டினாலும் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிறவள் நான். அன்று பீன்ஸ் நறுக்கிய கையோடு போய் போனை வாங்கினேன்.

"இவ அம்மா பேசறேன். நீங்க யாருங்க?" அந்த நிலையிலும் மரியாதையில் குறை வைக்கவில்லை.

"சும்மா ஃப்ரெண்ட்லியா பேசினு இருந்தோம் ஆன்ட்டி."

"மொதல்ல உங்க போட்டோவ அனுப்புங்க. போலீஸ்ல காட்டணும்."

அண்ணா போய்விட்டார். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

மகள் அழுதாள். போட்டோ எதுவும் அனுப்பவில்லை. ஆனால் ஸ்டாப்பைச் சொல்லிவிட்டாளே. போனைத் தூக்கிப் பரண்மேல் போடத்தான் எனக்குக் கை துடித்தது. போட்டால் அவன் சொன்னது சரியாகிவிடும்; அடுத்தமுறை இவள் என்னிடம் வாயே திறக்கமாட்டாள்.

"புடுங்கமாட்டேன். ஆனா எவன் என்ன கேட்டாலும் எங்கிட்ட சொல்லணும்" என்றேன்.

அவனைத் தடுப்பது எப்படி, புகார் அனுப்புவது எப்படி என்று அவள்தான் எனக்குக் காட்டினாள். வயதைத் திருத்தச் சொல்லிக் கணவரை உட்காரவைத்தேன்.

"அப்புறம் யார்கூடயும் பேச முடியாதே, பாவம்" என்றார்.

திங்கட்கிழமை மாலை வாட்டர் டேங்க் அருகே போய் நின்றேன். பைக்கில் வந்த ஒவ்வொருவரையும் முறைத்தேன். அதில் இருவர் எங்கள் தெருக்காரர்கள். வேனிலிருந்து இறங்கிய மகள், "முறைக்காதம்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். பாதி வழி வந்ததும் தரையைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

"காலைல வேற பேர்ல ஒருத்தன் ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட் குடுத்திருந்தான்மா. நான் அக்செப்ட் பண்ணல. வூட்டுக்குப் போனதும் நீயே பாரு."