பார்க்காமல் சொன்ன ஓம்

நான் பார்க்கவில்லை. பார்த்ததாகச் சொன்னேன். என் நண்பனின் இடது கால் முடமானதும், முன்பின் தெரியாத ஒரு பெண் செய்யாத குற்றத்தைச் சுமப்பதும் அந்த ஒற்றைச் சொல்லால்தான்.

நீங்கள் என்னை வெறுப்பீர்கள். வெறுங்கள்... ஆனால் கேட்டுவிட்டு வெறுங்கள்.

குகன் கனடாவில், ஸ்காபரோவில் கல்யாணங்களுக்கு மணவறை வாடகைக்கு விடுகிறவன். தூண்களையும் மாப்பிள்ளை பொம்பிளை நாற்காலிகளையும் ட்ரெய்லரில் ஏற்றி மண்டபம் மண்டபமாகக் கொண்டுபோவான். ஓய்வு நாட்களில் நானும் கூடப்போய் ஏற்றி இறக்குவேன். அந்தக் குளிர்காலத்தில் அவன் புதிதாக மின்சார பிக்கப் வண்டி ஒன்று வாங்கியிருந்தான். வாய் ஓயாமல் அதன் புகழ்தான். எனக்கு எரிச்சல். இல்லை, இங்கேயும் ஏன் மழுப்புகிறேன்? பொறாமை!

அவனுடைய ட்ரெய்லரின் பின்விளக்குகளுக்கு மின்சாரம் கொண்டுபோகும் வயர் பழைய மாதிரி. வண்டியின் பின்புறச் சொக்கெற்றில் அது நேரே பொருந்தாது. இடையில் ஓர் அடப்டர் மாட்டவேண்டும். விட்பியில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்ட அன்று அதை நான்தான் மாட்டினேன். பனிக்கு வீதியில் தூவும் உப்பில் அதன் உலோகப் பின்கள் பச்சை பிடித்திருந்தன. துடைத்திருக்கலாம். விரல்கள் விறைத்தன, அப்படியே அழுத்திவிட்டேன்.

வண்டித் திரையில் ட்ரெய்லர் இணைந்துவிட்டது என்று வந்தது. ஆனாலும் குகன் பிறேக்கை மிதித்துக்கொண்டு ஜன்னலால் தலையை நீட்டினான்.

"உந்தத் திரையை நான் நம்பேல்லை மச்சான். நீ பார்த்துச் சொல்லு. லைற் எரியுதோ?"

நான் காற்றுக்கு முதுகைத் திருப்பி, ஜாக்கெட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றேன். இரண்டடி எடுத்துவைத்து எட்டிப் பார்த்தால் போதும். இவ்வளவு விலைகொடுத்து வாங்கிய வண்டிக்கு நான் ஏன் காவல் நிற்கவேண்டும் என்று நினைத்தேன்.

"ஓம்" என்றேன்.

விட்பி மண்டபத்துக்கு அவன் தனியே போனான். பொழுதுபட்டுப் பனி கொட்டிய வேளை, நெடுஞ்சாலையில் பிறேக் பிடித்தபோது பின்னால் வந்த கார் ட்ரெய்லரில் மோதியது. குகனின் வண்டி தடுப்புச் சுவரில் போய் நசுங்கியது. காரோட்டி வந்த பெண், விளக்கே எரியவில்லை என்று அழுதாளாம். அவள் சொல்லை யார் கேட்டார்கள்? விளக்கு எரிந்ததா என்று இன்சூரன்ஸ்காரர் தொலைபேசியில் என்னைக் கேட்டார். அவருக்கும் ஓம் என்றேன்! பிழை அவள் தலையில் விழுந்தது.

உடைந்த வண்டியிலிருந்து சாமான்களை எடுத்துவரப் போனவனும் நான்தான். அடப்டரைக் கழற்றினேன். ஒரு பின் உள்ளேயே அரித்து முறிந்திருந்தது. முறிந்த இடமும் பச்சை... மோதலில் முறிந்ததல்ல. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இன்றும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

குகன் இப்போது தடியூன்றி நடக்கிறான். யார் விபத்தைப் பற்றிக் கேட்டாலும் என் தோளில் கை வைப்பான். "லைற் எரிஞ்சது. இவன் நிண்டு பார்த்தவன்" என்பான். அந்தக் கை என்னை நசுக்குகிறது. வாயைத் திறந்தால் அவனை இழப்பேன். திறக்காமல் அவனோடு இருப்பதற்குப் பெயர் நட்பா?

போன சனிக்கிழமை வேறு வண்டியும் ட்ரெய்லரும் வாங்கிவிட்டுக் கூப்பிட்டான். நீ பார்த்தால்தான் எனக்கு நிம்மதி என்றான். போனேன். குனிந்து, கிட்டப் போய், கண்ணிமைக்காமல் பார்த்தேன். இரண்டு விளக்குகளும் செக்கச்செவேலென எரிந்தன.

"எரியுதோ மச்சான்?"

இந்த முறை ஓம் என்றால் அது உண்மை. ஆனாலும் குனிந்தபடியே திரும்பவும் விளக்கைப் பார்த்தேன்...

குகன் பிறேக்கிலிருந்து காலை எடுக்காமல், என் பதிலுக்காகக் காத்திருந்தான்.