பிள்ளை நடுவில் இல்லாமல்

எனக்கு ஆங்கில இலக்கணம் நன்றாகத் தெரியும். அவன், அவள், அது என்று வந்தால் வினைச்சொல்லுக்குப் பின்னால் ஓர் 'எஸ்' வர வேண்டும் என்று யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் படித்ததை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் லண்டனுக்கு வந்து இருபத்திரண்டு வருடமாக வாய் திறந்து ஆங்கிலம் பேசியதில்லை. பிழை விட்டால் சிரிப்பார்களே என்ற வீம்பு. கவுன்சில், வங்கி, டொக்டர் என்று எங்கே போனாலும் மகன்தான் எனக்காகக் கதைப்பான்.

அந்த வருடம் டொக்டரிடம் சொல்ல வேண்டிய ஒன்று என்னிடம் இருந்தது. மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் கழித்துத் திரும்பவும் இரத்தம் போகத் தொடங்கியிருந்தது. இதை மகனிடம் சொல்லி, அவன் டொக்டரிடம் சொல்வதா? இரண்டு தடவை அவனோடு போய், முழங்கால் வலி என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். நான்கு மாதம் ஓடிவிட்டது.

அப்போதுதான் என் வேலையிடத்துக்கு ஓர் ஈக்வடோர்க்காரி புதிதாக வந்தாள். கோலியர்ஸ் வுட்டில் ஒரு முதியோர் இல்லத்தின் துணி துவைக்கும் லோண்டரியில் நான் வேலை செய்தேன். அவளுக்கு ஸ்பானிஷ்தான் தெரியும், ஆங்கிலம் அப்போதுதான் படிக்கத் தொடங்கியிருந்தாள். ஆனாலும் வாய் ஓயாது. படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டே, "ஐ ஃபோல்ட், யூ ஃபோல்ட், ஷி ஃபோல்ட்" என்பாள்.

"ஃபோல்ட்ஸ்" என்று நான் சீறுவேன்; பிழை திருத்த மட்டும் என் வாய் திறந்துவிடும். அவள் சிரித்துக்கொண்டு அடுத்த விரிப்பில் மறுபடியும் அதே பிழையை விடுவாள்.

'ஐ', 'ஷி' எல்லாம் அவள் பேச்சில் அடிக்கடி காணாமல் போய்விடும். அவர்கள் மொழியில் வினைச்சொல்லே ஆளையும் சொல்லிவிடுமாம். நாங்களும் 'வாறன்' என்றால் போதும், வருவது யார் என்று எவரும் கேட்பதில்லை. அதனால் அந்தப் பிழையை மட்டும் மன்னித்தேன்.

அவளுக்கு ஒரு அவசரம் இருந்தது. மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு வரப்போகிறது. போன தடவை மகளே நடுவில் இருந்து மொழிபெயர்த்தாளாம். "டீச்சர் லோங், டோட்டர் ஷோர்ட்" என்றாள். ஆசிரியர் நீளமாகச் சொன்னதையெல்லாம் மகள் 'எல்லாம் நல்லது' என்று முடித்துவிட்டாள். பிள்ளை வீட்டில் சாப்பிடுவதில்லை, பேசுவதுமில்லை. என்ன நடக்கிறது என்று இந்தத் தடவை தானே கேட்க வேண்டும்.

"அக்கா, யூ கம். யூ நோ கிராமர்" என்றாள். 'அக்கா' நான் சொல்லிக்கொடுத்த சொல்.

சவர்க்காரத்தூள் பெட்டியின் மட்டையைக் கிழித்து, தேநீர் இடைவேளைகளில் பன்னிரண்டு வசனம் எழுதினோம். அவளுக்குத் தெரிந்தது நிகழ்காலம் மட்டும்தான் என்பதால் எல்லாமே நிகழ்காலம்.

பள்ளிக்கூட மண்டபத்தில் ஐந்தே நிமிடம் தந்தார்கள். இளம் ஆசிரியர், வாயில் வண்டி ஓடுவது போலப் பேசினார். அவள் மேசையில் உள்ளங்கையை வைத்தாள். "ஸ்லோ, ப்ளீஸ். ஐ லேர்ன்." அவர் நிறுத்தினார். அவள் மட்டையைக் கவிழ்த்துவைத்துவிட்டுக் கேட்டாள்.

"மை டோட்டர் ஈட் அலோன்?"

'டஸ்' இல்லை. திருத்த வேண்டும் என்று என் நாக்கு துறுதுறுத்தது. அதற்குள் ஆசிரியர் முன்னால் குனிந்து, அவளுக்கு விளங்கும்படி சின்னச் சின்ன வசனமாகச் சொன்னார். ஆம். ஒவ்வொரு நாளும் தனியாகத்தான் சாப்பிடுகிறாள். மற்றப் பிள்ளைகள் அவளோடு சேருவதில்லை. சில நாள் அழுகிறாள். ஒவ்வொன்றுக்கும் தாய் தலையாட்டினாள்.

"தாங்க்யூ. நவ் ஐ நோ" என்று எழுந்தாள்.

பஸ் தரிப்பிடத்தில் வைத்துத்தான் அழுதாள். அவளைப் போல ஒரு துணிச்சல்காரியை நான் கண்டதில்லை. ஒரு பிழையும் விடாமல் இருபத்திரண்டு வருடம் ஊமையாக இருந்த எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

அடுத்த கிழமை டொக்டர் என் பெயரைக் கூப்பிட்டதும், வழமைபோல மகனும் எழும்பினான்.

"நீ இரு தம்பி. நான் தனியப் போறன்."

"உங்களுக்கு ஏலுமோ அம்மா?"

"ஏலும்."

உள்ளே போய் இருந்தேன். டொக்டர் கணினியைப் பார்த்தபடி ஏதோ கேட்டார். மேசையில் உள்ளங்கையை வைத்தேன். "ஸ்லோ, ப்ளீஸ்" என்றேன். பிறகு, இரத்தம் போவதை நானே சொன்னேன்: "ஐ ப்ளீட்."

இத்தனை வருடமும் என் மகனைப் பார்த்தே பேசிய டொக்டர், கதிரையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.